பார்த்தால் மறையும் பிழை

ஒரு டெஸ்க்டாப் மென்பொருள். எழுதியவரின் கணினியில் நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. வாடிக்கையாளரின் கணினியிலோ, மூடும் பொத்தானை அழுத்தியதும் உறைந்துபோகிறது. எங்கே சிக்குகிறது என்று அறிய, சந்தேகப்படும் இடத்தில் 'இங்கே வந்தாயிற்று' என்று அச்சிடும் ஒரு வரியைச் சேர்க்கிறார்கள். பிழையைக் காணோம். வரியை எடுத்தால் திரும்பி வந்துவிடுகிறது.

இத்தகைய பிழைக்கு ஹைசன்பக் என்று பெயர். டேண்டம் நிறுவனத்தின் ஜிம் கிரே, கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்று ஆராய்ந்த 1985ஆம் ஆண்டு அறிக்கையிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

நிரலுக்குள் இரண்டு திரெட்டுகள், அதாவது ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு வேலை இழைகள், ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று திரையையும் மவுஸையும் கவனிக்கிறது. மற்றது பின்னணியில் வேலை செய்கிறது. பயனர் மூடச் சொன்னதும் முதல் திரெட் 'நிறுத்து' என்ற மாறியில் 1 என எழுதும். பின்னணித் திரெட் ஒவ்வொரு சுற்றிலும் அந்த மாறியைப் பார்த்து, 1 வந்ததும் ஓய வேண்டும்.

எழுதியவர் தன் கணினியில் சோதிக்கும் டீபக் பில்டில், கம்பைலர் நிரலை எழுதியபடியே மொழிபெயர்க்கும். ஒவ்வொரு சுற்றிலும் நினைவகத்துக்குப் போய் மாறியைப் படிக்கும். வாடிக்கையாளருக்குப் போகும் ரிலீஸ் பில்டில் அதற்கு வேகம் முக்கியம். இந்தச் சுழற்சிக்குள் யாரும் மாறியைத் தொடவில்லையே, எதற்குத் திரும்பத் திரும்பப் படிப்பது? ஒரு தடவை படித்து, சிப்புக்குள் இருக்கும் ரெஜிஸ்டரில் வைத்துக்கொள்கிறது. பிறகு வெளியே 1 எழுதப்பட்டாலும் அந்தத் திரெட்டுக்குத் தெரியாது. அச்சிடும் வரி நடுவில் வந்தால் கம்பைலருக்கு அந்தத் துணிச்சல் போய்விடும். அச்சிடும் செயற்கூறு உள்ளே என்ன செய்கிறதோ, மாறியின் மதிப்பு அங்கே மாறியிருக்கலாம். ஆகவே மறுபடி நினைவகத்தைப் பார்க்கிறது, நிரலும் மூடிக்கொள்கிறது.

கம்பைலர் இதில் விதி மீறவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. ஒரு திரெட் எழுதும் சாதாரண மாறியை, இடையில் எந்த ஒழுங்கும் இல்லாமல் இன்னொன்று தொட்டால், அந்த நிரல் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது என்று 2011ஆம் ஆண்டின் சி++ தரம் சொல்லிவிட்டது. மாறியை, திரெட்டுகள் பாதுகாப்பாகப் பகிர்ந்துகொள்ளக்கூடிய 'அடாமிக்' என்று அறிவித்திருந்தால் போதும், சிக்கலே வந்திராது.

டீபக் பில்டு வேறு வகையிலும் பிழையை மறைக்கும். விஷுவல் சி++ அதில், புதிதாக ஒதுக்கும் நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டையும் 205 என்ற எண்ணால் நிரப்புகிறது. தொடக்க மதிப்பு தர மறந்த 'ஆம்/இல்லை' மாறி ஒன்று அங்கே இருந்தால், அது எப்போதும் 'ஆம்' போலவே நடந்துகொள்ளும். ரிலீஸில் பழைய எச்சம் எதுவோ அதுதான் அதன் மதிப்பு.

சிப்பும் தன் பங்குக்குக் குழப்பும். முதலில் தரவை, அடுத்து 'தயார்' என்ற குறியை ஒரு திரெட் எழுதினால், இன்டெல் சிப்பின் மற்றக் கோர்களுக்கும் சாதாரணமாக அதே வரிசையில் தெரியும். ஏஆர்எம் சிப் அந்த உறுதியைத் தருவதில்லை, 'தயார்' முந்திக்கொள்ளலாம். 2020இல் எம்1 சிப்புக்கு மாறிய ஆப்பிள், பழைய இன்டெல் நிரல்களை ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் ஓட்டும்போது இன்டெல்லின் வரிசை குலையாதிருக்க, சிப்புக்குள்ளேயே ஒரு தனி ஏற்பாட்டை வைத்தது.

இப்படிப்பட்ட பிழையைக் கடிகாரத்தைப் பார்த்துப் பிடிக்க முடியாது. இரண்டு செயல்களில் எது எதற்கு முன் நடந்தே தீரவேண்டும் என்பதே சரியான கேள்வி. லெஸ்லி லேம்போர்ட் 1978இல், வலையமைப்பில் இணைந்த கணினிகளை மனத்தில் வைத்து எழுதிய கருத்து இது. இன்று திரெட் சானிடைசர் என்னும் கருவி அதே கருத்தில் நிற்கிறது. கம்பைல் செய்யும்போது இதைச் சேர்த்துக்கொண்டால், நிரல் நினைவகத்தைத் தொடும் இடங்களைக் கண்காணித்து, இரண்டு திரெட்டுகளின் செயல்களுக்கு நடுவே பூட்டோ வேறு ஒழுங்கோ இல்லாவிட்டால் காட்டிக்கொடுக்கும். அன்றைக்குத் தவறு நிகழ்ந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை! நிரல் 5 முதல் 15 மடங்கு மெதுவாக ஓடும். ஓடாத பாதையில் உள்ள பிழையும் சிக்காது.

மொசில்லாவில் உருவான 'ஆர்ஆர்' என்னும் கருவி இன்னொரு வழியைப் பிடித்தது. எல்லாத் திரெட்டுகளையும் ஒரே கோரில் மாற்றி மாற்றி ஓட்டி, நடந்ததைப் பதிவு செய்கிறது. கோர்களுக்கிடையே வரிசை மாறும் பிழைகள் இதில் தெரியாது. ஆனால் ஒருமுறை பதிவான தவறு, எத்தனை முறை ஓட்டினாலும் அச்சுப் பிசகாமல் அப்படியே நடக்கும். கெட்டுப்போன மாறியில் காவல் வைத்து நிரலைப் பின்னோக்கி ஓட்டினால், கடைசியாக அதில் எழுதிய வரியில் வந்து நிற்கும்.