பூச்சிமருந்துக் கடை லைசென்சும் கடைக்காரரின் படிப்பும்

காஞ்சிபுரம் என்றவுடன் கோயில்களும் பட்டுப் புடைவையுமே வெளியூரார் நினைவுக்கு வரும். ஆயினும் அந்நகரைச் சூழ்ந்துள்ள கிராமங்களுக்கு ஜீவாதாரமாயிருப்பவை ஏரிப் பாசனமும் நெற்பயிருமேயாகும். தென்னேரி, உத்திரமேரூர் முதலிய ஏரிகளின் ஆயக்கட்டுகளில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் பருவங்களில் நெல் மாறிமாறி விளைகின்றது. இப்பருவங்களில் எதிலேனும் பயிரில் பூச்சியோ நோயோ கண்டால், விவசாயி முதலில் நாடுவது விவசாய இலாகா உத்தியோகஸ்தரை அன்று. வயலிலிருந்து ஒரு குத்தைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு கடைவீதிக்குச் சென்று, மருந்துக் கடைக்காரரிடம் காட்டி, "இதற்கு என்ன அடிக்கலாம்?" என்று கேட்பதே வழக்கம். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதே மருந்து. அவர் சொல்வதே அளவு. ஆகையால் அக்கடைக்காரர் என்ன படித்திருக்கிறார், எப்பொழுது படித்தார் என்பவை நம் வயலுக்கும் நம் உடம்புக்கும் நேரே சம்பந்தமுள்ள விஷயங்களாம்.

இவ்விஷயத்தில் சர்க்கார் தலையிட நேர்ந்த வரலாறு துக்ககரமானது. 1958-ஆம் ஆண்டில் கப்பலில் வந்த உணவுப் பொருள்களோடு பாரத்தியான் என்னும் கொடிய பூச்சிமருந்தும் ஏற்றப்பட்டு, வழியில் அது கசிந்து அவற்றிற் கலந்துவிட்டது. அதனை உண்ட கேரள மக்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். அக்காலத்துச் சென்னை ராஜ்யத்திலும் விஷ சம்பவங்கள் நேர்ந்தன. நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டது. இவ்விபத்தே 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்திற்கு வித்தாயிற்று. அச்சட்டத்தின்கீழ் 1971-இல் விதிகள் வகுக்கப்பட்டன. மருந்து விற்பவர் லைசென்சு பெறவேண்டும், அதனைக் கடையில் யாவரும் காணும்படி வைக்கவேண்டும், உணவுப் பொருள்களோடு மருந்தைச் சேர்த்து வைக்கலாகாது என்றெல்லாம் ஏற்பட்டது அதன் பின்னரே.

ஆயினும் கடைக்காரர் படித்தவராயிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை நெடுங்காலம் விதிக்கப்படவில்லை. கட்டணமும் கம்பெனியாரின் சான்றும் உள்ளவர் எவரும் விஷம் விற்கலாம் என்ற நிலையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2015-ஆம் ஆண்டு முதல் அடுத்தடுத்து வந்த விதித் திருத்தங்களே இதனை மாற்றின. விவசாயம், உயிரியல், இரசாயனம் போன்ற சாஸ்திரங்களில் பட்டமோ, விவசாயத்தில் ஓராண்டு டிப்ளமாவோ பெற்றவராக விற்பவர் இருத்தல் வேண்டும். அல்லது அத்தகைய ஒருவரைக் கடையில் வேலைக்கு அமர்த்துதல் வேண்டும். முன்னரே லைசென்சு பெற்றிருந்தவர்களும் குறித்த தவணைக்குள் இத்தகுதியை அடைய வேண்டும் என விதிக்கப்பட்டது. அத்தவணை ஒரு முறைக்கு மேல் நீட்டிக்கப்பட்டது. பிறகு பழைய சில்லறை வியாபாரிகளுக்குப் பன்னிரண்டு வாரச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றும் ஏற்பாடாயிற்று.

உர விற்பனையில் நிலைமை வேறு. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு உத்தரவில் 2015-இல் செய்த திருத்தம், புதிதாக அங்கீகாரம் கோருவோருக்கே படிப்பை நிபந்தனையாக்கிற்று. அதற்கு முன்னரே அங்கீகாரம் பெற்றிருந்தவர் அதைப் புதுப்பிக்கும்போது அப்படிப்பு வேண்டுவதில்லை என்று விலக்கும் அளித்தது. பெரும்பாலும் ஒரே மனிதர் ஒரே கடையில் யூரியாவும் விற்கிறார், பூச்சிமருந்தும் விற்கிறார். சுவரில் மாட்டிய இரண்டு காகிதங்களில் ஒன்று அவரைப் படிக்கச் சொல்கிறது. மற்றொன்று பழையவராயிருந்தால் போதும் என்கிறது. இது பொருத்தமுடையதாக நமக்குத் தோன்றவில்லை. தழைச்சத்தை மிகுதியாக இடுவதால் பயிர் கொழுத்துப் பூச்சிக்கு இரையாவதை அறிந்த விவசாயிகளுக்கு, உரமும் மருந்தும் ஒரே விஷயத்தின் இரு பக்கங்கள் என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கடைக்காரர்களுக்காகவே ஏற்பட்ட படிப்பு ஒன்று உண்டு. ஹைதராபாத்திலுள்ள 'மானேஜ்' என்னும் தேசிய விவசாய விஸ்தரிப்பு நிர்வாக ஸ்தாபனம் 2003-இல் தொடங்கிய 'தேசி' டிப்ளமா அது. ஓராண்டில் நாற்பத்தெட்டு நாட்கள், வாரம் ஒரு நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமையிலோ சந்தை விடுமுறை நாளிலோ வகுப்பு நடைபெறும். அவற்றுள் நாற்பது வகுப்பறையிலும் எட்டு வயலிலுமாக அமைந்தவை. மண், உரம், விதை, பூச்சி, நோய், கருவிகள், சட்டங்கள் ஆகியவை தாய்மொழியிலேயே போதிக்கப்படும். நாற்பது பேர் கொண்டது ஒரு வகுப்பு. கட்டணம் 20,000 ரூபாய் என வகுத்து, 2015-16 முதல் அதிற் பாதியை மத்திய சர்க்கார் ஏற்கும் முறை வந்தது. நம் ராஜ்யத்தில் புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையிலுள்ள பயிற்சி நிலையம் இதனை மேற்பார்க்கும் ஸ்தாபனமாயிற்று. கடையை மூடாமல் படிக்கலாம் என்பதே இப்படிப்பின் பெருஞ் சிறப்பு. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட வியாபாரிகள் நோட்டுப் புத்தகத்துடன் ஞாயிறுதோறும் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பது மதிக்கத்தக்க காட்சியன்றோ!

எனினும் ஒரு முறை படித்தால் போதுமா என்னும் கேள்வி எஞ்சி நிற்கின்றது. இப்போதுள்ள விதிகள் கடைக்காரரை ஒரு தடவையே படிக்கச் சொல்கின்றன. படித்தவற்றைக் காலந்தோறும் புதுப்பித்துக்கொள்ளும்படி அவை வற்புறுத்தவில்லை. மருந்துகளோ ஆண்டுக்காண்டு மாறுகின்றன. 2011-இல் சுப்ரீம் கோர்ட்டு எண்டோசல்பானைத் தடுத்தது. 2018 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் பதினெட்டு மருந்துகளை விலக்கி உத்தரவிட்டது. அவற்றுள் மெத்தில் பாரத்தியான் உள்ளிட்ட பன்னிரண்டு அப்போதே நின்றன. போரேட், டைக்குளோர்வாஸ், டிரையசோபாஸ் முதலிய ஆறும் 2020 டிசம்பர் 31-உடன் நின்றன. நம் தந்தையர் காலந்தொட்டு நாற்றங்காலில் தூவிவந்த குருணை மருந்து இவ்வாறு விலக்கப்பட்டது. அதற்கு மாற்றாக எதைச் சொல்வது என்று, 2016-இல் டிப்ளமா வாங்கிய கடைக்காரருக்கு யார் கற்பித்தார்கள்? கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியே கற்பித்திருப்பார். அவர் கற்பிப்பது தம் சரக்கையே.

புகையானை எடுத்துக்கொள்வோம். குத்தின் அடியில் நீர்மட்டத்திற்கு மேலே கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சி, பயிரை வட்டவட்டமாகக் காய்ந்துபோகச் செய்யும் இப்பூச்சியைச் சம்பா விவசாயிகள் நன்கு அறிவர். இதற்குச் செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்தை அடித்தால் முதல் நாள் பூச்சி குறைந்தாற்போலத் தோன்றும். ஆனால் புகையானைத் தின்னும் சிலந்தியும் நீர்ப்பூச்சிகளும் மடிந்துவிடுவதால், சில வாரங்களில் அது முன்னிலும் பன்மடங்காகப் பெருகிவிடும். இது ஆராய்ச்சியாளர் பல்லாண்டுகளுக்கு முன்பே நிறுவிய உண்மை. ஆயினும் பைரித்ராய்டு மலிவாகவும் விரைவாகவும் கண்ணுக்குப் பலன் காட்டுவதால், அறியாத கடைக்காரர் அதனையே எடுத்துக் கொடுப்பார். அடுத்த வாரம் விவசாயி மறுபடியும் கடைக்கு வருவார். மறுபடியும் மருந்து வாங்குவார். கடனும் பூச்சியும் சேர்ந்தே வளரும்.

படித்த கடைக்காரராயின் முதலில் கேள்வி கேட்பார். தூருக்கு எத்தனை பூச்சி இருக்கின்றது? குத்துக்கு ஒரு சிலந்தியேனும் தென்படுகின்றதா? சிலந்தி இல்லாதவிடத்துத் தூருக்கு ஒன்றும், சிலந்தி உள்ளவிடத்துத் தூருக்கு இரண்டும் ஆன பின்னரே மருந்தை நினைக்க வேண்டும் என்பது கோயமுத்தூர் விவசாய சர்வகலாசாலையின் சிபாரிசு. அதற்கு முன் தண்ணீரை வடித்து வயலைக் காயவிடுதலும், நடவிலேயே எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுதலும், யூரியாவைப் பிரித்து இடுதலும் போதிய பரிகாரங்களாம். மருந்து தேவையாயினும் முன்பு அடித்த இனத்தையே திரும்ப அடிக்கலாகாது. இமிடாகுளோபிரிட் என்னும் ஒரே சரக்கு பற்பல வியாபாரப் பெயர்களில் வருகின்றது. பெயர் வேறாயிருப்பதால் மருந்தும் வேறென்று நம்பி இரண்டையும் வாங்கிக் கலந்து அடிப்பவர் உண்டு. பல தேசங்களில் புகையான் இம்மருந்துக்குப் பழகிப்போய்விட்டது. இச்செய்தியைக் கடைக்காரர் அறியாவிடின் நமக்குச் சொல்லப்போகிறவர் யார்?

நம் உடம்பின் ஆபத்து இதனினும் பெரிது. 2017-இல் மராட்டிய ராஜ்யத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் இருபது பேருக்கு மேல் அதன் விஷம் தாக்கி இறந்தனர். டப்பாவின்மேலுள்ள முக்கோணத்தின் நிறம் சிவப்பாயின் மிகக் கொடிய விஷம், மஞ்சளாயின் கொடிது, நீலமாயின் நடுத்தரம், பச்சையாயின் குறைந்தது என்பதைக் கடையிலேயே சொல்லி அனுப்பியிருந்தால் சிலராவது பிழைத்திருக்கக்கூடும்.

மற்றத் தொழில்களிலும் தேசங்களிலும் என்ன முறை என்று பார்ப்போம். வைத்தியர்களின் நடத்தைக்காக 2002-இல் மருத்துவக் கவுன்சில் வகுத்த விதிகள், ஐந்தாண்டுக்கு முப்பது மணி நேரமாவது அவர்கள் தொடர்ந்து கற்க வேண்டும் என்றன. அமெரிக்காவில் கொடிய வகை மருந்துகளைத் தெளிப்பவர் தம் சான்றை ஐந்தாண்டுக்கு மேற்படாத தவணைகளில் பரீட்சையாலோ மறுபயிற்சியாலோ புதுப்பிக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் 2009-இல் செய்த ஏற்பாடு தெளிப்பவரோடு விற்பவருக்கும் ஆலோசனை கூறுபவருக்கும் முதற்பயிற்சியையும் மேற்பயிற்சியையும் கட்டாயமாக்கிற்று. நம் நாட்டிலேயே, வயலின்மேல் பறந்து மருந்து தெளிக்கும் டிரோனை இயக்குபவருடைய சான்று பத்தாண்டே செல்லும் என்றும், அவர் மறுபயிற்சி பெறவேண்டும் என்றும் 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகள் கூறுகின்றன. மருந்தைத் தூக்கிப் பறக்கும் யந்திரத்தை ஓட்டுபவருக்கு மறுபயிற்சி உண்டு. அந்த மருந்து இன்னதென்று தேர்ந்து கொடுப்பவருக்கு இல்லை.

தகுதியை ஒரு முறை காட்டிவிட்டு என்றென்றும் பதவியில் இருப்பதை நம் முன்னோர் ஒப்பவில்லை. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இதற்குச் சான்று. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலையில் பெயரிடப்பட வேண்டுமாயின், கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வேதம் கற்றுப் பிறருக்குக் கற்பிக்கும் திறமும் வேண்டும். அதற்கு மேலாகக் கற்றவருக்கு அரைக்கால் வேலியே போதுமென்று நிலத் தகுதி தளர்த்தப்பட்டது. மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரலாகாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் வரலாகாது. அச்சபை பிராமண பிரமதேயத்தின் சபை. எல்லோருக்கும் பொதுவானதன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏரி மதகைக் காப்பவர் கற்றவராகவும் கணக்கு ஒப்பிப்பவராகவும் இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் காட்டிய கண்டிப்பு கவனிக்கத்தக்கது.

வியாபாரிகள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. முப்பது வருஷ அனுபவமுள்ளவரை, பூச்சியை வயலில் கண்டறியாத ஒரு பட்டதாரியினும் தாழ்வாக மதிப்பது சரியா என்று கேட்கின்றனர். சிறு கிராமத்துக் கடைக்குச் சம்பளத்துக்கு ஆள் வைக்கக் கட்டாது என்பதும் உண்மையே. படிப்பைக் கடுமையாக்கினால் கடை மூடி, விவசாயி இருபது மைல் போகவேண்டியதாகும். மேலும், ஆளை அமர்த்தலாம் என்ற சலுகை, சான்றிதழை மாத்திரம் வாடகைக்கு வாங்கிச் சுவரில் மாட்டுவதற்கு இடந்தரக்கூடும். அப்படிச் செய்தால் காகிதம் கடையில் இருக்கும், படித்தவர் இருக்கமாட்டார். இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, நீண்ட படிப்பை இன்னும் நீட்டுவதினும், ஆண்டுக்கு இரண்டு மூன்று நாட்கள், பருவம் தொடங்குமுன், விலக்கப்பட்ட மருந்துகளையும் புதிய சிபாரிசுகளையும் மாத்திரம் கற்பிக்கும் குறுகிய மறுபயிற்சியே தக்கது என்று கருதுகிறோம். உர அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும்போதும் அப்பயிற்சியைக் கேட்கலாம். அதனை நடத்துபவர் கம்பெனியாராக இருத்தல் கூடாது.

விதி வரும்வரை விவசாயிகளும் கிராம உத்தியோகஸ்தர்களும் செய்யக்கூடியவை சில உண்டு. கடையில் லைசென்சு மாட்டப்பட்டிருக்கின்றதா, அதிலுள்ள படித்தவர் விற்குமிடத்தில் இருக்கின்றாரா என்று பார்க்கலாம். மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவை எழுதிய ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். கடன் வியாபாரத்தில் ரசீது கேட்கக் கூசுபவர் பலர். சரக்கில் சந்தேகம் தோன்றினால் டப்பாவை எறிந்துவிடாமல் ரசீதுடன் வட்டார விவசாய அலுவலகத்தில் தெரிவிக்கலாம். பூச்சிமருந்து இன்ஸ்பெக்டர் கடைச் சரக்கில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சட்டம் அதிகாரம் அளிக்கின்றது. காஞ்சிபுரத்திலேயே இதற்கான பரிசோதனைச் சாலை உண்டு. மாதிரி சேர்ந்த முப்பது நாட்களுக்குள் பரிசோதகர் தம் அறிக்கையை அளிக்க வேண்டும்.