மெமரி எங்கே போகிறது?

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து ‘ஃப்ரீ’ என்ற கமாண்டை முதன்முதலாக அடித்துப் பார்ப்பவர்கள் பலர் பதறிப்போகிறார்கள். 8 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டர். ஓடுவதோ ஒரே ஒரு பிரவுசர். ஆனாலும் ‘ஃப்ரீ’ என்ற தலைப்பின் கீழ் சில நூறு எம்பிதான் தெரியும். பதற வேண்டாம். அதே வரியின் கடைசியில் ‘அவெய்லபிள்’ என்றிருக்கும் எண்ணைப் பாருங்கள். அதுதான் பார்க்க வேண்டிய கணக்கு.

சும்மா கிடக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை. அதனால் டிஸ்க்கிலிருந்து படித்த ஃபைல்களின் நகலை லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் அதில் வைத்துக்கொள்கிறது. ஒரு புரோகிராமை மூடிவிட்டு உடனே திறந்தால் சட்டென்று வருவது இதனால்தான். வேறொரு புரோகிராம் இடம் கேட்டால், இந்த நகல்களில் பெரும்பகுதியைத் தூக்கிப்போட்டுவிட்டு இடம் தந்துவிடும். எல்லாவற்றையும் அப்படித் தூக்கிப்போட முடியாது. புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் மெமரியும் இந்த நகல்களின் கணக்கிலேயே சேர்ந்திருக்கிறது. எவ்வளவு தேறும் என்பதைக் கெர்னலே மதிப்பிட்டுச் சொல்லத் தொடங்கியது 2014இல், 3.14ஆம் பதிப்பில்தான். அதுவரை ஆளாளுக்கு ஒரு கூட்டல் போட்டார்கள்.

‘ஃப்ரீ’ இந்த எண்களை எடுப்பது ‘/ப்ராக்/மெம்இன்ஃபோ’ என்ற ஃபைலிலிருந்து. எனக்கு யூனிக்ஸில் மிகவும் பிடித்த இடம் இது. ‘எல்எஸ்’ போட்டுப் பார்த்தால் அதன் அளவு 0 என்று வரும். ‘கேட்’ போட்டால் வரிவரியாகக் கொட்டும். டிஸ்க்கில் அப்படியொரு ஃபைலே கிடையாது. நாம் படிக்கும் அந்த நொடியில் கெர்னல் எழுதித் தருகிறது. ஓடும் புரோகிராம்களை ஃபைல்களாகக் காட்டும் இந்த யோசனையை பெல் லேப்ஸின் டாம் கில்லியன் 1984இல் ஒரு கட்டுரையாக முன்வைத்தார். லினக்ஸ் அதை நீட்டி, சிபியு விவரத்துக்கு ‘சிபியுஇன்ஃபோ’, மெமரிக்கு ‘மெம்இன்ஃபோ’ என்று வைத்துக்கொண்டது.

8 ஜிபி என்றால் 83,88,608 கேபி. ‘மெம்டோட்டல்’ வரியில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஃபர்ம்வேரும் கெர்னலும், சில கம்ப்யூட்டர்களில் கிராஃபிக்ஸும், தங்கள் பங்கை முதலிலேயே ஒதுக்கிக்கொள்கின்றன. எந்த ஸ்லாட்டில் எத்தனை ஜிபி, எது காலி என்று அறிய ரூட் அனுமதியோடு ‘டிஎம்ஐடிகோட்’ ஓட்ட வேண்டும். அது படிப்பது பயாஸ் எழுதிவைத்த அட்டவணையை. தயாரிப்பாளர் தவறாக நிரப்பியிருந்தால் தவறாகவே சொல்லும்.

மேக்கில் ‘/ப்ராக்’ கிடையாது. அங்கே ‘சிஸ்சிடிஎல்’ கமாண்டிடம் ‘எச்டபிள்யு.மெம்சைஸ்’ கேட்டால், மொத்த ரேமையும் பைட் கணக்கில் ஒரே எண்ணாகச் சொல்லிவிடும்.