பள்ளத்து மலை ஏன் கருகுது?

தலைக்கு மேலே ஒரு கடல் – 9

போன வாரம் வளிமண்டலத்தின் மாடிகளை ஏறி முடித்தோம். மாறன் மண்டலம், படை மண்டலம், இடை மண்டலம், வெப்ப மண்டலம் என்று சாதாரண தரப் பரீட்சைக்கு மனனம் செய்த அதே வரிசை. அதைப் படித்துவிட்டு, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அம்பது மைல் உசரத்துக் கதையெல்லாம் எழுதுறீங்க தம்பி. இங்க பள்ளத்து மலை கருகுது, மேட்டு மலை பச்சையா நிக்குது. அது ஏன்னு எழுதுங்க பாப்போம்.”

நியாயமான கேள்வி. அவர் சொல்வது ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையை. லயத்துக் கதவைத் திறந்தால் வானம் கழுவிவிட்டாற்போல் நட்சத்திரத்தோடு கிடக்கும். காற்று அசையாது. பெரட்டுக்குப் போகிற வழியில் செருப்புக்கடியில் புல் நொறுங்கும். கொழுந்தின் ஓரத்தில் உப்புத் தூவியதுபோல வெள்ளை. அந்த நேரத்தில் பார்க்க அழகுதான். நுவரெலியாவுக்கு உல்லாசப் பயணம் வந்தவர்கள் படம் எடுப்பார்கள். வெயில் ஏறியதும் அதே கொழுந்து வெந்த கீரையாய்த் துவளும். இரண்டொரு நாளில் மலை முழுக்க நெருப்பு வைத்த நிறம். இலைக்குள் நீர் உறைந்து கலங்களைக் குலைத்துவிட்டுப் போயிருக்கும். கொழுந்து இல்லை என்றால் பேரும் இல்லை. அரைப் பேராவது விழுமா என்று கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

காரணத்தைக் காற்றின் சேர்மானத்தில்தான் தேட வேண்டும். உலர்ந்த காற்றில் நைதரசன் 78 சதவீதம், ஒட்சிசன் 21 சதவீதம், ஆகன் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கொழும்பிலும் இதுதான் விகிதம், 2,524 மீட்டர் உயரமான பிதுருதலாகலை உச்சியிலும் இதுதான். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வரை இது பெரிதாக மாறுவதில்லை. மாறுவது காற்றின் அடர்த்தி. நுவரெலியா நகரம் 1,868 மீட்டரில் இருக்கிறது. அங்கே நிற்பவரின் காலுக்குக் கீழே உலகத்துக் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. கொழும்புக் கோட்டையில் வாங்கிய மிக்சர் பக்கெட் நானுஓயாவில் இறங்கும்போது ஊதிப்போயிருப்பது அதனால்தான். தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதும், பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதும் அதனால்தான்.

ஆனால் பள்ளத்து மலையைக் கருக்குவது இந்த மூன்று வாயுக்களும் அல்ல. பட்டியலில் நிலையான எண் இல்லாத ஒன்று இருக்கிறது: நீராவி. சில இடங்களில் ஒன்றுமே இல்லை என்கிற அளவு, சில இடங்களில் 4 சதவீதம் வரை. அது தரையை விட்டு அதிகம் ஏறுவதும் இல்லை. வளிமண்டலத்து நீராவியில் ஏறத்தாழப் பாதி முதல் இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அப்படியானால் நுவரெலியாக்காரருக்குக் காலடியில் போனது காற்றில் ஐந்திலொன்று, நீராவியிலோ கிட்டத்தட்டப் பாதி.

இதில் என்ன நட்டம்? பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் தரையும் இலையும் கதிராக மேலே அனுப்புகின்றன. காற்றில் 99 சதவீதமாக இருக்கிற நைதரசனும் ஒட்சிசனும் அதைத் தடுப்பதே இல்லை. கண்ணாடி வழியாக வெளிச்சம் போவதுபோல் போகவிடுகின்றன. பிடித்து வைப்பவை முகிலும் நீராவியும், பிறகு 0.04 சதவீதத்தைச் சற்றே தாண்டிய காபனீரொட்சைட்டும். பனிமூட்டம் இறங்கிய இரவில் கூதல் எலும்பைக் குடையும், ஆனால் கொழுந்து கருகாது. மழை ஓய்ந்து, காற்று வறண்டு, வானம் வெளித்த இரவில்தான் இலை தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் விடக் குளிர்ந்து போகிறது.

வழமையாக ஒரு கிலோமீட்டர் ஏறினால் 6.5 பாகை குறையும். கொழும்பில் சராசரி 27, 28, நுவரெலியாவில் 16. கணக்கு அப்படியே பொருந்துகிறது. அந்த ஒரு இரவில் மட்டும் கணக்குத் தலைகீழாகிவிடும். தரையைத் தொட்ட காற்று குளிர்ந்து கனத்து, கான் தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து, ஆற்றோரத்திலும் பள்ளத்திலும் போய்த் தேங்குகிறது. மேட்டில் நிற்கும் செடியைக் கடந்து போன குளிர் பள்ளத்துச் செடியில் குடியிருக்கிறது. ஐயா, உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். அடுத்த முறை சவுக்கு மரத்தடியையும் பாருங்கள். அங்கே நாலைந்து செடி பச்சையாகவே இருக்கும்; இலை அனுப்பிய வெப்பத்தை மரக்கிளை மறித்துத் திருப்பி அனுப்பியிருக்கும்.

இன்னொரு சந்தேகமும் வருடாவருடம் வரும். ரேடியோவில் 4 பாகை என்கிறார்கள், பிறகு எப்படி உறைந்தது என்று. வானிலை நிலையத்து வெப்பமானி வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அது காற்றின் வெப்பநிலையைச் சொல்கிறது, புல்லின் வெப்பநிலையை அல்ல. இரண்டும் பொய் சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கத்து டிம்புள்ளத் தேயிலைக்கு வாசம் கூடுவதும் இதே ஜனவரி தொடங்கி மார்ச் வரையிலான வறண்ட காற்றில்தான். கூதலிலும் வறட்சியிலும் கொழுந்து மெதுவாக வளர்ந்து மணம் சேர்க்கிறது. கொழும்பு ஏலத்தில் விலை ஏறுகிறது. செடியைக் கருக்குவதும் மணக்க வைப்பதும் ஒரே காற்று. அந்த ஏறிய விலையில் எவ்வளவு கொழுந்து எடுத்தவரின் கைக்கு வந்தது என்பதற்கு இன்னொரு தொடர் எழுத வேண்டும். எழுதினால் அது இதைவிட நீளும்.

அடுத்த வாரம், பாடப்புத்தகத்தின் வாயுப் பட்டியலில் சேராத ஒரு பயணியைப் பார்ப்போம். 1869இல் இந்த மலைகளில் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொட்டாக வெளிப்பட்டு, கோப்பித் தோட்டங்களையே முடித்துவைத்த பூஞ்சணத்தின் வித்தி அது. 1880இல் இலங்கைக்கு வந்த மார்ஷல் வார்ட் என்ற இளைஞர், கண்ணாடித் துண்டுகளைத் தோட்டக் காற்றில் வைத்து அதைப் பிடித்தார்.