கரியைத் தட்டிப் பார்த்து வாங்குங்க

பேரப்பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் மக்காச்சோளக் கதிர் சுட்டுக் கொடுக்கலாம்னு ஒரு மூட்டை கரி வாங்கினேன். ஒரே புகை! வங்கியில் உரசிப் பார்க்காத நகைக்குக் கடன் கொடுக்காதவன், கரியில் ஏமாந்துட்டேன்.

ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, காற்றை அடைத்து மூட்டம் போடுகிறார்கள். முழுசா வெந்த கரி லேசா இருக்கும். இரண்டு துண்டைத் தட்டினால் கணீர்னு கேட்கும். ஒடித்த இடம் கருப்பாகப் பளபளக்கும். மந்தமான சத்தம், உள்ளே பழுப்பு நிறம் என்றால் அரைவேக்காடு, அதுதான் புகையும். கனமா இருந்தால் ஈரமாகவும் இருக்கலாம். அப்போ தண்ணிக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். நம்ம காங்கேயம் தேங்காய்த் தொட்டிக் கரியையும் இப்படியே பாருங்க.

மூட்டையடியில் மிஞ்சும் தூளை வீசிடாதீங்க. ஜீவாமிர்தத்தில் ஊறவைத்து எருக்குழியில் போடுங்க.