எள்ளில்லாத எண்ணெய்

எண்ணெய் என்னும் சொல்லைப் பிரித்தால் எள், நெய் என இரண்டாகும். எள்ளின் நெய்க்கே முதலில் உரியதாயிருந்த அப்பெயர், பின்னர்த் தேங்காய்க்கும் வேம்புக்கும் ஆமணக்குக்கும் பொதுவாகி, இன்று நிலத்தடியிலிருந்து எடுப்பதற்கும் வழங்குகின்றது. வடமொழியிலே சிநேகம் என்பது எண்ணெய்ப் பசையையும் அன்பையும் ஒருங்கே குறிக்கும். உராயும் இரண்டினிடையே புகுந்து அவற்றை இணங்கி வாழச் செய்வது என்னும் கருத்து அச்சொல்லில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும். சிறிய விமானங்களின் எஞ்சினைப் பேணும் தொழிலிலுள்ள என் பழைய மாணாக்கர் ஒருவர், தம் வேலையை விளக்கியபோது அக்கருத்து வலுப்பெற்றது.

ஆமணக்கெண்ணெயும் ஒருகாலத்தில் வானிலே பறந்தது. முதலாம் உலகப் போர்க்கால (1914–1918) விமானங்கள் பலவற்றில் எஞ்சின் முழுவதுமே விசிறியுடன் சேர்ந்து சுழலும். அதனுள்ளே பெற்றோல் கலந்த காற்றுப் புகுவதால், நில எண்ணெய் அதிற் கரைந்துவிடும். ஆமணக்கெண்ணெய் எளிதிற் கரையாது. ஊற்றிய எண்ணெய் மீண்டும் கலத்துக்குத் திரும்புவதில்லை. புகையோடு வெளியே வீசப்பட்டு விமானியின் முகத்திலே படியும். நம் பாட்டிமார் மூக்கைப் பிடித்துப் பருக்கிய அதே எண்ணெயாதலால், அவ்விமானிகளின் வயிறும் அதற்குரிய பயனை அடைந்ததென்பர்.

இக்காலச் சிறு விமானத்தில் இவ்விரயம் இல்லை. செஸ்னா 172 போன்றவற்றில் வழங்கும் லைக்கோமிங் எஞ்சின் ஒன்றின் அடித்தொட்டி ஏறக்குறைய ஏழரை லீற்றர் எண்ணெய் கொள்ளும். பற்சக்கரப் பம்பி அதனை உறிஞ்சி, குளிர்த்தியினூடாகவும் வடிகட்டியினூடாகவும் செலுத்தி, சுழலும் உறுப்புகளுக்கெல்லாம் ஊட்டுகின்றது. கடமை முடிந்த எண்ணெய் தானே வடிந்து தொட்டியை அடையும். இவ்வெஞ்சினைச் சூழத் தண்ணீர் இல்லை, காற்றே குளிர்விக்கின்றது. காற்று எட்டாத உள்ளுறுப்புகளின் வெப்பத்தை எண்ணெயே சுமந்து வெளிக்கொணர்கின்றது. இயக்கிய அரை நிமிடத்துள் எண்ணெய் அழுத்தமானியின் முள் எழாவிடின் எஞ்சினை உடனே நிறுத்துதல் வேண்டும். மோட்டார் வண்டியாயின் வீதியோரத்தில் நிறுத்தலாம். வானத்தில் ஓரம் ஏது?

1935 மே 15ஆந் திகதி ‘சதேர்ன் குறொஸ்’ என்னும் மூன்று எஞ்சின் விமானம், அவுஸ்திரேலியாவிலிருந்து நியூசீலாந்துக்குத் தபால் ஏற்றிச் சென்றது. சிறு விமானமன்று, ஆயினும் இங்கே சொல்லத்தக்கது. கிங்ஸ்போர்ட் சிமித், ரெயிலர், ஸ்ரனேஜ் என்னும் மூவர் அதிலிருந்தனர். தஸ்மன் கடலின் மேலே, நடு எஞ்சினின் புகைக்குழாயிலிருந்து உடைந்த துண்டொன்று வலப்பக்க விசிறியைச் சிதைத்தது. அவ்வெஞ்சினை நிறுத்திவிட்டுச் சிட்னி நோக்கித் திரும்பினர். சிறிது நேரத்தில் இடப்பக்க எஞ்சின் எண்ணெயை எரித்துத் தீர்க்கலாயிற்று. ஓடாத எஞ்சினிடம் எண்ணெய் மிகுதி. ஓடும் எஞ்சினிடமோ வறுமை. ரெயிலர் விமானத்தை விட்டு வெளியேறினார். எதிர்காற்று அடித்து வீச, சிறகோடு பொருந்திய தண்டின்மேல் ஊர்ந்து சென்று, நின்றுபோன எஞ்சினின் எண்ணெயைக் குடுவையில் வடித்துக் கொணர்ந்தார். பின்னர் மறுபுறம் ஊர்ந்து அதனை ஊற்றினார். ஒருமுறையன்று, ஆறுமுறை. கீழே கடல். மூவரும் சிட்னியில் உயிருடன் இறங்கினர். கடல் தாவிய புராணக் கதைகளை வாய்பிளந்து கேட்கும் மாணாக்கருக்கு இதனையும் சொல்லுதல் தகும்.

இத்தகைய வீரம் வேண்டாதிருக்கச் செய்வதே பேணுவோரின் தொழில். வடிகட்டியுள்ள எஞ்சினில் 50 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவர். கம்பிவலை மாத்திரமுள்ளதில் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை. அவ்வளவு பறக்காவிடினும் நான்கு மாதத்துள் மாற்றவேண்டும். இவ்விதி எனக்கு வியப்பளித்தது. விளக்கம் எளிது: பெற்றோல் எரியும்போதெல்லாம் நீராவி பிறக்கின்றது. அதிற் சிறிது எண்ணெயிலே கலந்து, அமிலமும் தோன்றுகின்றது. நெடும்பறப்பின் வெப்பத்தில் நீர் ஆவியாகி வெளியேறும். விமானத்தைத் தரையிலே நிறுத்திப் பத்து நிமிடம் இயக்கிப் பார்க்கும் உரிமையாளர், நன்மை செய்வதாக நினைந்து நீரையே சேர்க்கின்றார். மேலேயிருக்கும் உறுப்புகளிலிருந்து எண்ணெய் வழிந்திறங்க, அங்கே துரு பற்றுகின்றது.

மோட்டார் வண்டி எண்ணெயையும் இதில் ஊற்றலாகாது. அதிலுள்ள உலோகச் சேர்க்கைகள் எரிந்து சாம்பலாகி உருளையிலே படிந்து, கனன்று, உரிய தருணத்துக்கு முன்னரே பெற்றோலைப் பற்றவைக்கும். ஆதலால் சாம்பல் தராத எண்ணெயையே கொள்வர்.

கழற்றிய வடிகட்டியையும் அவர்கள் உடனே எறிந்துவிடுவதில்லை. அதன் உறையை வெட்டி, மடிப்பு மடிப்பான காகிதத்தை விரித்து, நல்ல ஒளியிலே நோக்குகின்றனர். செல்லரித்த ஏட்டை வெளிச்சத்துக்கு உயர்த்தி எழுத்தைத் தேடும் பதிப்பாசிரியரையே அக்காட்சி எனக்கு நினைவூட்டியது. கரித்துகள் இயல்பானது. காந்தத்தில் ஒட்டுவன உருக்குத் துகள்கள். ஒட்டாது மின்னுவன அலுமினியமோ வெண்கலமோ ஆகலாம். எந்த உலோகம் என்றறிந்தால் எவ்வுறுப்புத் தேய்கின்றதென்றும் ஒருவாறு அறியலாம். இரண்டொரு துகளாயின் குறித்துவைத்து, சில மணி நேரம் பறந்தபின் மறுபடியும் வெட்டிப் பார்ப்பர். திரளாகக் கண்டால் எஞ்சினை இறக்கிப் பிரித்துவிடுவர்.