'புற் அவுற்' என்னும் கூட்டுவினை

ஆங்கிலங் கற்கும் நம் மாணவர் பெரிதும் இடர்ப்படுவது அருஞ்சொற்களாலன்று, எளிய சொற்களாலேயாம். 'புற்' என்பது வைத்தலையும் 'அவுற்' என்பது வெளியே என்பதையும் உணர்த்துமென்று சிறாரும் அறிவர். இரண்டும் சேர்ந்தவிடத்துப் பட்டம் பெற்றாரும் திகைப்பர். இவ்வகை வினைகள் பிறமொழியாளர்க்குப் பேரிடர் தருவன என்பதை, 1755ஆம் ஆண்டில் வெளிவந்த தமது அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜோன்சன் குறித்துள்ளார். 'பிரேசல் வேர்ப்' என்ற பெயரோ 1925இல் லோகன் பியர்சல் சிமித் எழுதிய நூலால் பரவியது. ஈண்டு அதனைக் கூட்டுவினை என்போம்.

வாவி முகத்துவாரத்தினின்று தோணி கடலை நோக்கிப் புறப்படின் அது 'புற் அவுற்'. விடிந்தபின் மீனவன் லாந்தரை அணைப்பின் அதுவும் 'புற் அவுற்'. சங்கமொன்று அறிவித்தல் வெளியிடுதலும், வாழ்த்தக் கைநீட்டுதலும், முன்னறிவிப்பின்றி வந்த விருந்தினன் வீட்டாரைத் தொல்லைப்படுத்துதலும் அதுவே. இவற்றுள் தோணி, கை, அறிவித்தல் ஆகிய மூன்றிலும் வெளிச்செல்லுதல் வெளிப்படை. விளக்கில் வெளியே செல்வது யாது? 'அவுற்' இடத்தை மட்டுமன்றி முடிவையும் குறிக்கும் என்பதே விடை. எண்ணெய் தீர்தலை 'ரன் அவுற்' என்பதும் இதுபற்றியே. விபுலாநந்த அடிகளார் 1926இல் வெளிவந்த மதங்கசூளாமணியிற் செகசிற்பியார் எனத் தமிழ்ப்பெயரிட்டழைத்த கவிஞர், ஒதெல்லோ நாடகத்தின் இறுதியங்கத்தில் இவ்வினையை விளக்கினுக்கும் உயிருக்குமாக இருபொருள்பட ஆண்டுள்ளார்.

தமிழில் அணைத்தல் தழுவுதலையும் குறிக்கும். ஆதலின், மொழிபெயர்ப்போர்க்கு ஈழத்துப் பேச்சிலுள்ள 'நூர்த்தல்' என்ற சொல்லே ஐயத்துக்கிடமற்றது. அதனைக் கொச்சையென ஒதுக்குவார் கூற்று எமக்கு உடன்பாடன்று.

நிற்க. சொல்லமைதியே மாணவர் பெரிதும் வழுக்குமிடம். செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாயின் 'அவுற்' என்பதன் முன்னும் வரலாம், பின்னும் வரலாம். 'இற்' என்ற சுட்டுப்பெயராயின் நடுவில் மட்டுமே வரும்: 'புற் இற் அவுற்' என்பதே முறை, 'புற் அவுற் இற்' என்பது வழு. தோணி புறப்படும் பொருளிலோ செயப்படுபொருளே இல்லை. வினையை இவ்வாறு பிளத்தல் விந்தையன்று. 'விட்டுக்கொடு' என்பதை நோக்குக. விடு, கொடு என்ற இரண்டினையும் தனித்தனி அறிந்த ஆங்கிலேயன் அதன் பொருளை அறியான். அதுவும் 'விட்டே கொடான்' என இடையிற் பிளவுபடுகின்றது. நம் மொழியிலுள்ள இவ்வியல்பினை முதலிற் காட்டிப் பின்னர் ஆங்கிலத்துக்குச் செல்லும் ஆசிரியர், பாதிச் சுமையை இறக்கியவராவர்.

கூட்டுவினைகளை நூறு நூறாகப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிற்கும் ஒரு பொருளெழுதி மனனஞ் செய்விக்கும் வழக்கம் பயனற்றது, தீங்குமாம். 'அணைத்தல்' என்று மட்டும் கற்ற மாணவன், பின்னொருநாள் அலுவலகத்தில் 'ஆசிரியர் வாஸ் புற் அவுற்' என்ற தொடரைக் காணின் யாது செய்வான்? அவர் வெளியேற்றப்பட்டார் என்றே கொள்வான். அவரோ மனங்கோணினார், அவ்வளவே. குறிப்பேட்டிற் சொல்லை மட்டும் எழுதாது, யார், எதனை என்பவற்றோடு முழு வாக்கியமாக எழுதி வைப்பின் இம்மயக்கம் நேராது. விளக்கு, தோணி, அறிவித்தல், விருந்தினன் என நான்கு வாக்கியங்கள் ஒரு பக்கத்தில் அடங்கும்.