பிரிந்த பெற்றோரும் பிள்ளையின் வளர்ப்புரிமையும்



கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் வந்த ஒரு வழக்கை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தமது முவத்தாவில் பதிவு செய்துள்ளார்கள். உமர் (ரலி) அவர்கள் தம் துணைவியரில் ஒருவரான அன்ஸாரிப் பெண்மணியைப் பிரிந்திருந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த மகன் ஆஸிம். ஒருநாள் குபாவுக்குச் சென்ற உமர் (ரலி) அவர்கள், பள்ளிவாசல் முற்றத்தில் விளையாடிக் கொண்டிருந்த மகனைக் கண்டதும் கையைப் பிடித்துத் தூக்கி, தம் வாகனத்தில் முன்னே அமர்த்திக் கொண்டார்கள். குழந்தையின் பாட்டி விடவில்லை. வழக்கு கலீஃபாவிடம் சென்றது. இரு தரப்பும் பிள்ளை தமக்கே என வாதாடின. பிள்ளையைத் தாய்வழியிலேயே விட்டுவிடுமாறு தீர்ப்பாயிற்று. உமர் (ரலி) அவர்கள் மறுவார்த்தை பேசவில்லை.

நம் குமரி மாவட்டத்து ஊர்களிலும், மதரஸா விட்டு வரும் பிள்ளையை வழியிலேயே வண்டியில் ஏற்றிச் செல்வது கேள்விப்படாத செய்தியன்று. ஜமாஅத்தில் கூடி எழுதும் பிரிவுப் பத்திரத்தைப் பாருங்கள். நகை இத்தனை பவுன், ரொக்கம் இவ்வளவு, பாத்திரங்கள் இன்னின்ன என்று எழுதிய பின், கடைசி வரியில் பிள்ளையின் பெயர் வரும். "பிள்ளை என்னிடம் இருக்கட்டும், செலவு எதுவும் கேட்கமாட்டேன்" என்று எழுதிக் கையொப்பமிடும் உம்மாக்கள் உண்டு. பிள்ளையை இழந்துவிடுவோமோ என்ற அச்சமே அவர்களை அவ்வாறு எழுத வைக்கிறது.

அந்த வரி ஷரீஅத்திலும் நிற்காது, நீதிமன்றத்திலும் நிற்காது.

ஃபிக்ஹு நூல்கள் மூன்று விஷயங்களைத் தனித்தனியே வைக்கின்றன. பிள்ளையை அருகிருந்து வளர்ப்பது ஹளானத். அதன் சொத்துக்கும் திருமணத்துக்கும் பொறுப்பேற்பது விலாயத். உணவு, உடை, கல்விக்குச் செலவிடுவது நஃபகா. முதலாவதில் தாய்க்கே முன்னுரிமை. ஷாஃபிஈ மத்ஹபில் விவரம் அறியும் வயது, அதாவது ஏறத்தாழ 7 வயது வரை தாயிடம் வளரும்; பின்னர் யாரிடம் இருப்பது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கும். ஹனஃபீ மத்ஹபில் ஆண் பிள்ளைக்கு 7 வயது, பெண் பிள்ளைக்குப் பருவம் எய்தும் வரை என்பது பரவலாக அறியப்பட்ட கருத்து. பிள்ளை எவரிடம் வளர்ந்தாலும் நஃபகா தந்தையின் கடமையே. அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், பிள்ளையைக் காரணமாக்கித் தாய்க்கோ தந்தைக்கோ இடரிழைப்பதைத் தடுக்கிறது.

இனி நம் நாட்டுச் சட்டத்திற்கு வருவோம். நம் மாவட்டத்தில் இவ்வழக்குகளை நாகர்கோவிலிலுள்ள குடும்பநல நீதிமன்றம் விசாரிக்கிறது; மேல்முறையீடு, 2004இல் தொடங்கப்பட்ட உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் செல்லும். 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம், பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தையே நாடச் சொல்கிறது. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, குடும்பத்தாரின் மார்க்கச் சட்டத்தையும் பிள்ளையின் வயதையும் கருத்தில் கொண்டு, அதன் நலனுக்கு உகந்ததையே நீதிபதி தேர வேண்டும். சிந்தித்துச் சொல்லும் வயதுப் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம். நீதிபதி தம் அறையில் தனியே அமர்த்தி விசாரிப்பதும் உண்டு. (முந்தைய இரவு முழுதும் சொல்லிக்கொடுத்து அனுப்பும் பெரியவர்கள் கவனிக்க: ஒப்பித்த பாடம் எளிதில் தெரிந்துவிடும்.) ஆகவே, 7 வயது நிறைந்த மறுநாளே பிள்ளை தானாக வாப்பா வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றோ, உம்மா மறுமணம் செய்தால் அக்கணமே உரிமை போய்விடும் என்றோ நீதிமன்றங்கள் பொதுவாகக் கருதுவதில்லை.

வாப்பாதானே வலீ, பிறகு ஏன் நீதிமன்றம் தடுக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. வலீயாக இருப்பது வேறு, பிள்ளையை உடன் வைத்திருப்பது வேறு. 2010இல் உச்சநீதிமன்றம் ஒரு முஸ்லிம் குடும்ப வழக்கில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியது. தாயை இழந்த பிள்ளைகளை, தந்தை உயிரோடிருந்தும், வழக்கு முடியும் வரை தாய்வழி உறவினரிடமே விட்டுவைத்தது. இதைப் படிக்கும்போது ஹம்ஸா (ரலி) அவர்களின் மகள் நினைவுக்கு வருகிறார். அலீ, ஜஅஃபர், ஸைத் (ரலி) மூவரும் அச்சிறுமியைக் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் ஜஅஃபரின் இல்லத்திற்கே அனுப்பினார்கள். அவ்வீட்டில் சிறுமியின் தாயுடன் பிறந்த சகோதரி இருந்தார்கள். தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவர் என்பதே காரணம்.

செலவைப் பொறுத்தவரை, 1997இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஐயத்திற்கு இடமின்றி உள்ளது. தலாக் ஆன முஸ்லிம் பெண்ணிடம் வளரும் பிள்ளைகளுக்கு, அவர்கள் மேஜராகும் வரையிலும், பெண் பிள்ளையாயின் திருமணமாகும் வரையிலும், வசதியுள்ள தந்தை ஜீவனாம்சம் தர வேண்டும். இது பிள்ளையின் சொந்த உரிமை. பிள்ளைக்குரியதைத் தாய் எழுதிக் கொடுத்துவிட முடியாது. இதற்கான மனுவை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவுக்குப் பதிலாக, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவில் தாக்கல் செய்கிறார்கள்.

வளைகுடாவில் உழைக்கும் வாப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. விடுப்பில் வரும் 30 நாட்களில் வழக்குத் தொடுத்துப் பிள்ளையைப் பெற்று, தம் வயதான பெற்றோரிடம் விட்டுவிட்டு விமானம் ஏறப் போகும் தந்தையிடம், தாயைவிட அவர்கள் எவ்வகையில் மேல் என்றே நீதிமன்றம் கேட்கும். அதற்காக அவர் பிள்ளையை மறந்துவிட வேண்டியதில்லை. 2020இல் உச்சநீதிமன்றம், பிள்ளையை உடன் வைத்திராத பெற்றோருக்கு நேரில் சந்திக்கும் உரிமையோடு, அன்றாடம் 5 முதல் 10 நிமிடம் பேசும் உரிமையும் வேண்டும் என்றும், அதற்கு வீடியோ அழைப்பே சிறந்தது என்றும் கூறியது. ஜமாஅத்தில் பத்திரம் எழுதும்போதே அழைப்புக்கான நேரத்தையும், விடுப்பு நாட்களில் பிள்ளை யாரிடம் எத்தனை நாள் தங்கும் என்பதையும், மாதச் செலவுத் தொகையையும் எழுதி வாங்குங்கள். அவ்வரிகளை நகைப் பட்டியலுக்கு மேலே எழுதச் சொல்லுங்கள்.